மூக்கா, ஊசியா

எங்கள் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் வந்தால் ஜனங்கள் நோயாளியைப் பார்க்க ஓடமாட்டார்கள். சண்டையைப் பார்க்கத்தான் ஓடுவார்கள். நானும் ஓடியிருக்கிறேன். என் வயதில் ஓட்டம் என்பது மற்றவர்கள் நடக்கிற வேகம்தான். இருந்தாலும் மாடிப்படி இறங்கி வருவதற்குள் எனக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

வண்டியில் வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் மூக்கன், இன்னொருவர் ஊசியம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர்கள் வேறு, அவை சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கின்றன. புருஷன் பெண்டாட்டி இல்லை. இருந்திருந்தால் இவ்வளவு பேச்சு இருந்திருக்காது. ஊசியம்மாவை மூக்கன் "அக்கா" என்பார். தலை முழுக்க நரைத்த அந்த ஆளை ஊசியம்மா "டேய் தம்பி" என்பார்.

வலிக்குக் கொடுக்கிற மருந்துகளில் அபின் குடும்பத்தைச் சேர்ந்தவை சில உண்டு. அளவோடு இருந்தால் தெய்வம். அளவு மீறினால் ஆளைத் தூங்க வைத்து, மூச்சு விடுகிற வேலையையே மறக்கடித்துவிடும். அப்படி மறந்தவர்களுக்கு ஞாபகப்படுத்த நலாக்சோன் என்று ஒரு மருந்து இருக்கிறது. அதை மூக்கிலும் ஸ்பிரேயாக அடிக்கலாம், ஊசியாகவும் போடலாம். எது நல்லது என்பதுதான் சண்டை. ஆம்புலன்ஸ் நிற்கிற இடம் எங்கள் தெருமுனை டீக்கடைக்குப் பக்கத்தில். ஆகவே எங்கள் தெருவில் பால் பாக்கெட் போடுகிறவருக்குக்கூட இந்த விஷயத்தில் திடமான ஒரு கட்சி உண்டு.

"ஊசின்னா நேரா ரத்தம். போன வேகத்துல வேலை. எவ்வளவு வேணுமோ அவ்வளவு போடலாம்," என்பார் ஊசியம்மா. "உன் ஸ்பிரே மூக்குல போய் உக்காந்து, ஊர்க்கதை பேசி முடிச்சுட்டுத்தான் உள்ள போகும்."

"நீ பஞ்சு தேடி, நரம்பு தேடி, குத்தி, அது நழுவி, மறுபடி குத்துறதுக்குள்ள என் ஸ்பிரே ஊர்க்கதையும் பேசியிருக்கும், ஆளையும் எழுப்பியிருக்கும். நடுங்குற கையால கூட அடிக்கலாம் அக்கா."

"எவ கை நடுங்குது?"

"உன்னச் சொன்னேனா? பொதுவா ஊருக்குச் சொன்னேன்."

மூக்கன் கட்சியின் பெருமை பஸ் டிப்போ கழிப்பறைக் கதை. உள்ளே ஒருவர் விழுந்து கதவுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டார். கதவு ஒரு மூக்கு அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. கை இல்லை, தொடை இல்லை, ஊசிக்குக் காட்டத் தோலே இல்லை. இடுக்கில் வந்து நின்றது மூக்கு ஒன்றுதான். மூக்கன் அடித்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து கனைப்புச் சத்தமும், அதன் பின்னால் "ஆள் இருக்கு" என்ற குரலும் வந்தன. டிப்போவில் அன்று இருந்தவர்கள் எல்லோரும் சாட்சி, இல்லாதவர்கள் அதைவிடப் பெரிய சாட்சி.

ஊசியம்மா கட்சி குத்துச்சண்டைக்காரர் கதையைச் சொல்லும். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் அவருக்குத் தட்டையாக ஒரு ஞாபகம்தான் இருந்தது. அடித்த ஸ்பிரே அடித்தவர் முகத்துக்கே திரும்பி வந்தது. அன்று பூராவும் மூக்கன் ரொம்ப விழிப்பாக இருந்தார். கடைசியில் ஊசியம்மாதான், வண்டி ரவுண்டானாவில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, ஒரு கையால் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் நரம்பைப் பிடித்தார். ரவுண்டானாவை முழுசாகச் சுற்றி முடிப்பதற்குள் குத்துச்சண்டைக்காரர் எழுந்து அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிட்டார்.

இந்த இரண்டு பேரின் காக்கிச் சீருடையும் இஸ்திரி ஆவது நான் குடியிருக்கிற மாடிக்குக் கீழே இருக்கிற சலவைக்கடையில். அங்கே நீராவி கிளம்பினால் மேலே ஆணியில் தொங்குகிற என் சட்டை தானாக இஸ்திரி ஆகிவிடும். பல வருஷமாக அந்தக் கடைக்கு நான் துணி போட்டதில்லை.

கடையில் மூன்று பேர். இஸ்திரிக்காரர், அவர் சம்சாரம், அவர் தங்கச்சி. தங்கச்சிக்குக் கவுண்டரில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிற வேலை, அதனால் பெயரே டோக்கன். அண்ணியையும் டோக்கனையும் ஒரே அறையில் விட்டால் நீராவிக்குத் தனியாக அடுப்பு வேண்டியதில்லை.

இஸ்திரிக்காரர் மாதிரி ஒரு கையை நான் பார்த்ததில்லை. அவர் மடித்த சட்டையின் மடிப்பில் விரலை வைத்துப் பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் போன வருஷம் அவர் முதுகெலும்பில் கட்டி ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. கரைக்க முடியாது, வலியைத்தான் குறைக்க முடியும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, தோள்பட்டைக்குக் கீழே ஒட்டிக்கொள்ள மருந்துப் பிளாஸ்திரி கொடுத்தார்கள். அதிலிருந்து மருந்து தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். அதை ஒட்டிய பிறகு மனிதர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சம்சாரம் தேய்க்கிறதில் குற்றம் கண்டுபிடிக்கிற அளவுக்குத் தேறினார்.

"காலரைப் பாரு. மாடு நக்கின மாதிரி இருக்கு."

"அந்த மாட்டைக் கூட்டிட்டு வந்து நீங்களே தேய்க்கச் சொல்லுங்க."

அந்த வாரம் மழை விடவில்லை. கொடியில் போட்டது போட்டபடி நனைந்தே கிடந்தது. லாட்ஜ் விரிப்புகள், ஆஸ்பத்திரிக் கோட்டுகள், பள்ளிக்கூடச் சீருடைகள் எல்லாம் ஈரமாகவே வந்து பெரிய நீராவி அழுத்திக்கு முன்னால் வரிசையில் காத்திருந்தன. ஈரக்காற்றுக்கு அவர் முதுகு தாங்கவில்லை. சம்சாரம் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். தடித்த மேஜை விரிப்பை எட்டாக மடித்து, அழுத்தியின் இரண்டு தட்டுக்கும் நடுவே வைத்து மூடி, நீராவி சீறியதும் எடுத்து, துண்டில் சுற்றி, தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவர் முதுகில் வைத்தாள். ஒத்தடம். சூட்டோடு பிழைக்கிறவள், துணி எவ்வளவு நேரம் சூடு தாங்கும் என்பதில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது தயார். அன்று காலையில் கடை திறந்ததிலிருந்து ஒத்தடம் ஓய்வில்லாமல் போய்க்கொண்டே இருந்தது.

"நல்லாத் தூங்குறாரு," என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள். நான் இஸ்திரி ஆகாத துணி ஒன்றைத் தேடுகிற சாக்கில் கீழே நின்றிருந்தேன். "ராத்திரியெல்லாம் முனகல். இப்பத்தான் கண் அசந்தாரு. என்ன மருந்து குடுத்தாலும் ஒத்தடம் மாதிரி வருமா?"

டோக்கன் டீ எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். டம்ளர் விழுகிற சத்தம் கேட்டது.

"அண்ணீ! அண்ணன் மூச்சு நின்னு நின்னு வருது! உதடு நீலமா இருக்கு!"

ஆம்புலன்ஸைப் போனில் கூப்பிடத் தேவைப்படவில்லை. டோக்கன் வாசலில் நின்று கத்தியதில் தெருமுனையில் வண்டியே தானாக ஸ்டார்ட் ஆகியிருக்கும். அதற்கும் முன்னால் அவர்கள் இரண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடி வந்தார்கள். பின்னால் தெருவே வந்தது, குடையோடு.

மூக்கன் மண்டி போட்டு உட்கார்ந்தார். இஸ்திரிக்காரரைப் புரட்டி மல்லாக்கப் போட்டு, தாடையைத் தூக்கி, முகத்தில் முகமூடியை அழுத்தி, அதோடு சேர்ந்த ரப்பர்ப் பந்தை அமுக்கினார். நெஞ்சு எழுந்தது. விட்டார், இறங்கியது. மறுபடி அமுக்கினார். அது ஒன்றும் பெரிய வித்தை மாதிரித் தெரியாது. ஆனால் அந்தப் பந்தைப் பிடித்த பிறகு மூக்கன் இமைத்ததை நான் பார்க்கவில்லை. தன் மூச்சையும் சேர்த்து அவருக்கே கொடுக்கிற மாதிரி இருந்தது.

ஊசியம்மா கண்ணிமையைத் திறந்து டார்ச் அடித்தார். "கண்ணுப் பாப்பா கடுகு மாதிரி சுருங்கியிருக்கு. அபின் வகைதான். என்னம்மா மருந்து சாப்பிடுறாரு? தூக்க மாத்திரை ஏதாச்சும்?"

சம்சாரம் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"மாத்திரையே கிடையாது. முதுகுல பிளாஸ்திரி மட்டும்தான்," என்றாள் டோக்கன்.

ஊசியம்மா அவரைப் பக்கவாட்டில் சாய்த்துச் சட்டையைத் தூக்கினார். துண்டில் சுற்றிய விரிப்பு சூடு மாறாமல் இருந்தது. அதன் கீழே பிளாஸ்திரி, அதைச் சுற்றித் தோல் தக்காளியாகச் சிவந்திருந்தது.

"அய்யோ அம்மா! இதுக்கு மேலயா ஒத்தடம் போட்டீங்க? சூடு பட்டா மருந்து மொத்தமும் திமுதிமுன்னு உள்ள இறங்கிடுமே!" என்று சொல்லிக்கொண்டே பிளாஸ்திரியை உரித்து, தோலை ஈரத்துணியால் துடைத்தார்.

டோக்கன் திரும்பினாள். "நீதான் அண்ணி. நீதான் எங்க அண்ணனைக் கொன்னுட்ட."

பந்து அமுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. சம்சாரம் தன் இரண்டு கையையும் தூக்கி, அவை வேறு யாருடையவோ என்கிற மாதிரிப் பார்த்தாள்.

"யாரும் சாகல. சாக விடவும் மாட்டேன்," என்றார் மூக்கன் தலை நிமிராமல். "நெஞ்சு ஏறி இறங்குதா இல்லையா? அப்புறம் என்ன பேச்சு?"

இப்போதுதான் எங்கள் தெரு காலகாலத்துக்கும் சொல்லப்போகிற காரியம் நடந்தது. ஊசியம்மா வலது கையில் ரப்பர்ப் பட்டை கட்டித் தட்டிப் பார்த்தார். இடது கையிலும் பார்த்தார். நாற்பது வருஷம் நீராவியும் இஸ்திரிப்பெட்டியும் தின்ற கைகள். முழங்கை வரைக்கும் சூட்டுத் தழும்பு, தோல் பழைய தோல்பை மாதிரி இறுகிக் கிடந்தது. நரம்பு எங்கே என்று அந்த நரம்புக்கே தெரியாது.

"நரம்பு இல்லடா தம்பி," என்றார் ஊசியம்மா. "ஸ்பிரேயை எடு. மூக்குல அடி."

வாசலில் குடைகள் ஒரு தரம் ஆடின. ஊசியம்மா வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லை யாரும் கேட்டதில்லை.

மூக்கன் சட்டைப்பையில் ஸ்பிரே துருத்திக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடவில்லை. "வேண்டாம். ஊசி போடு."

குடைகள் இன்னொரு தரம் ஆடின.

"உனக்கென்ன கிறுக்கா? இத்தனை வருஷமா மூக்கு மூக்குன்னு உயிரை வாங்கிட்டு, இப்ப நானே அடிங்கிறேன், மாட்டேங்கிற?"

"அக்கா, இவரு முதுகெலும்பு வலிக்காரர். ஸ்பிரே அடிச்சா மொத்தமா ஒரே அடி. பாதி அடிக்க முடியாது, அடிச்சதைத் திருப்பியும் எடுக்க முடியாது. மூச்சு வரும், கூடவே ஒட்டுமொத்த வலியும் ஒரே நிமிஷத்துல திரும்பி வந்து குதிக்கும். மனுஷன் துடிச்சுப் போயிடுவாரு. ஊசின்னா நீ கொஞ்சங் கொஞ்சமா விடலாம். மூச்சுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு. வலி மருந்து அதும்பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டும்."

"அது எனக்குத் தெரியாதா? நரம்பு கிடைக்கணுமேடா!"

"கிடைக்கும். நான் மூச்சு குடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன். உனக்கு அவசரமே இல்ல, நிதானமாத் தேடு. என் கை ஓஞ்சா நானே சொல்றேன். சொன்னா ஸ்பிரேதான்."

"உன் கை ஓயறதுக்குள்ள நான் எடுக்கலேன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

"ஏற்கெனவே மாத்தித்தானே வச்சிருக்கோம்."

இரண்டு பேரும் கட்சி மாறி நின்று, அடுத்தவர் வாதத்தை அடுத்தவரைவிட நன்றாகப் பேசினார்கள். மழைகூட ஒரு கணம் நின்று கேட்டுவிட்டுத்தான் மறுபடி பெய்தது. அத்தனை வருஷமாகச் சண்டை என்று நாங்கள் ரசித்ததெல்லாம் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்ததுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஊசியம்மா சம்சாரத்தைப் பார்த்தார். "அம்மா, இங்க வாங்க. இன்னொரு துணி சூடு பண்ணிக் கொண்டாங்க. கை மேல வைக்கணும். சூட்டுக்கு நரம்பு மேல வரும்."

"நான் மாட்டேன்." அவள் சுவருக்குள்ளேயே போய்விடுகிற மாதிரி ஒடுங்கினாள். "நான் தொடமாட்டேன். அவளைச் செய்யச் சொல்லுங்க."

"எனக்குச் சூடு பாக்கத் தெரியாதே!" என்றாள் டோக்கன். "வெந்துடும், இல்லேன்னா ஆறிடும். அண்ணி, உனக்குத்தான் தெரியும். போ அண்ணி."

"முதுகுல வேண்டாம், கையில மட்டும்," என்றார் ஊசியம்மா. "பிளாஸ்திரியை எடுத்தாச்சு. இப்போ இந்தச் சூடு எனக்கு வேணும். உங்களைத் திட்டுறதுக்கு அப்புறமா நேரம் இருக்கு."

சம்சாரம் அழுத்தியிடம் போனாள். தட்டு மூடியது, நீராவி சீறியது. துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், வேண்டாம் என்று ஒரு தரம் உதறினாள், மறுபடி கன்னத்தில் வைத்தாள். பிறகு புருஷனின் இடது கையில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சுற்றினாள். அவள் கண்ணீர் அந்தத் துணியில் விழுந்து ஆவியானது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆகவே சொல்லவில்லை.

மூக்கன் அமுக்கிக்கொண்டே இருந்தார். நெற்றியில் வியர்வை ஓடி மூக்கு நுனியில் தொங்கியது. அது கொஞ்சம் நீண்ட பயணம்தான்.

துணியை எடுத்தபோது கட்டைவிரல் பக்கம், மணிக்கட்டுக்கு மேலே, தழும்புகளுக்கு நடுவே மெலிதாக ஒரு பச்சைக் கோடு எட்டிப் பார்த்தது. ஊசியம்மா அதனிடம் ஏதோ முணுமுணுத்தார். திட்டா கொஞ்சலா தெரியவில்லை. ஊசி உள்ளே போனது. மருந்தில் நிறைய உப்புநீர் கலந்து பெரிய சிரிஞ்சில் வைத்திருந்தார். அதிலிருந்து ஒரு நூல் அளவு தள்ளினார். நின்றார். நெஞ்சைப் பார்த்தார். இன்னொரு நூல் அளவு.

"நிறுத்து," என்றார் மூக்கன். பந்திலிருந்து கையை எடுத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம்."

தள்ளினார். இஸ்திரிக்காரரின் நெஞ்சு யாரும் கேட்காமல் தானாக ஒரு தரம் எழுந்தது. இறங்கியது. யோசித்தது. மறுபடி எழுந்தது. உதட்டின் நீலம், அழுக்குத் துணி வெளுக்கிற மாதிரி, மெல்ல மெல்லப் போனது. கண் பாதி திறந்தது.

"வலிக்குதா ஐயா?" என்றார் மூக்கன் குனிந்து.

"தாங்கலாம்," என்று குழறிவிட்டு அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

ஊசியம்மா சிரிஞ்சை இறக்கவில்லை. ஆனால் முகம் முழுக்கச் சிரித்தார். "தாங்கலாமாம்டா!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றார் மூக்கன். கையை உதறிக்கொண்டார். விரல்கள் பந்தின் வடிவத்திலேயே வளைந்து நின்றன.

ஆஸ்பத்திரிக்கு வண்டியில் சம்சாரமும் டோக்கனும் ஏறினார்கள். நானும் ஏறினேன். யாரும் கூப்பிடவில்லை. என் குடை யாருடைய கையிலோ வண்டிக்குள் போய்விட்டது, அதை விட்டுவிட்டு எப்படி இருப்பது?

அவசரப் பிரிவில் டாக்டரம்மா ஒருத்தர், தலைமுடியை இறுக்கக் கட்டிக்கொண்டு, மூன்று பேருக்கு வேண்டிய வேலையை ஒரே ஆளாகச் செய்துகொண்டிருந்தார். ஊசியம்மா சொன்னதைக் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டார். "நல்ல காரியம் பண்ணீங்க. துளித் துளியாப் போட்டதுதான் சரி," என்றார். பிறகு சம்சாரத்திடம் சொன்னார்: "இன்னும் முடியலம்மா. தோலுக்கடியில தேங்கின மருந்து இன்னும் இறங்கிட்டே இருக்கும். இவங்க போட்ட மாற்று மருந்து சீக்கிரம் தீர்ந்துடும். அதனால டிரிப்புல மெதுவா விடப்போறேன். கூட ஒருத்தர் உக்காந்து பேசிட்டே இருக்கணும். மூச்சு மந்தமானா, மூச்சு விடுங்கன்னு சொல்லணும். சொன்னா விடுவாரு."

"இவ உக்காரட்டும்," என்று டோக்கனைக் காட்டினாள் சம்சாரம். "நான் பக்கத்துல வரல."

டோக்கன் உட்கார்ந்தாள். "அண்ணே, மூச்சு விடு." அவர் விடவில்லை. கட்டிலருகே மூச்சைக் காட்டுகிற திரையில் கோடு சோம்பலாக ஊர்ந்தது. "அண்ணே!" என்று உலுக்கினாள். ஒரு மூச்சு வந்தது, கடனுக்கு வந்த மாதிரி.

"அண்ணி," என்றாள் டோக்கன், திரும்பிப் பார்க்காமல். "நான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். வா அண்ணி. என் குரலுக்கெல்லாம் அவரு அசையமாட்டாரு."

சம்சாரம் வந்தாள். கட்டிலைத் தொடாமல் நின்றாள். "மூச்சு விடுங்க."

விட்டார்.

"இன்னொண்ணு."

விட்டார். கல்யாணமான நாளிலிருந்து சொன்னதைச் சொன்னபடி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை என்று டோக்கன் என் காதில் சொன்னாள். சம்சாரம் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டே இருந்தாள். வேறு கேஸ் வரும்வரை மூக்கனும் ஊசியம்மாவும் சுவரோரம் நின்று ஒரே டம்ளர் டீயை மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

"விடுங்க... நான்தாங்க பண்ணிட்டேன். தெரியாமப் பண்ணிட்டேன்... விடுங்க."

இஸ்திரிக்காரர் கண்ணைத் திறந்தார். நாக்கு இன்னும் தடித்திருந்தது. "உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"பிளாஸ்திரி குடுக்கும்போதே சொன்னாங்க. சூடு வைக்கக் கூடாதுன்னு. நான்தான் உங்கிட்டச் சொல்லல."

டோக்கன் எழுந்து நின்றுவிட்டாள். சம்சாரத்தின் முகத்தில் ரத்தம் ஏறியது.

"ஏன்? ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவ." கண் மறுபடி மூடியது. "காலையில இருந்து கடை, கடைன்னு நிப்ப. ஒத்தடம் போடும்போது மட்டும்தான் பக்கத்துல உக்காருவ."

விடுங்க என்று சொல்வதையே அவள் மறந்துவிட்டாள். திரையில் கோடு தொய்ந்தது. மூக்கன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"உக்காரச் சொன்னா உக்கார மாட்டேனா?" என்று ஆரம்பித்தாள் அவள். "வாயில என்ன கொழுக்கட்டையா? காலர்ல மாடு நக்குச்சுன்னு சொல்ல வாய் வருது, இதைச் சொல்ல வாய் வரலியா? இந்தக் கையால உங்களைக் கொன்னுட்டேன்னு நான் சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கிறேன். உங்களுக்கு ஒத்தடம் கேக்குதா, ஒத்தடம்? வீட்டுக்கு வாங்க, அந்த அழுத்தியில உங்களையே வச்சு மூடுறேன்..."

அவள் கை எப்போது அவர் நெஞ்சின் மேல் போனது என்று நான் கவனிக்கவில்லை. டாக்டரம்மா சத்தம் கேட்டு ஓடி வந்து, "இங்க கத்தக் கூடாது," என்று சொல்ல வாயைத் திறந்தார். திரையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

கோடு ஒழுங்காக, நிமிர்ந்து, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விடுங்க என்று யாரும் சொல்லவில்லை. அவராகவே விட்டுக்கொண்டிருந்தார், உதட்டோரம் லேசாகச் சிரித்தபடி.

"மூக்கும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்போல," என்றார் மூக்கன். "காது வழியாவே ஏறுது பாரு அக்கா."

ஊசியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சம்சாரத்தின் தோளைத் தட்டினார். "நிறுத்திடாதீங்கம்மா. நல்லா வேலை செய்யுது. இன்னும் கொஞ்சம் திட்டுங்க."